மூங்கப்பாடி ஜீப்

மாலை ஏழரை மணி. அரூரிலிருந்து கம்பைநல்லூர் வருகிற சாலை. மழை விட்டிருந்தது, தார் ரோடு இன்னும் காயவில்லை. இரண்டு பக்கமும் மரவள்ளிக் காடு. எதிரே ஒரு வண்டி இல்லை... பின்னாலும் இல்லை. நவநீதன் தன்னந்தனியாக ஜீப் ஓட்டிக்கொண்டு வருகிறார்.

டப்... டப்... டப்.

பின்பக்கத் தகரத்தை யாரோ உள்ளங்கையால் தட்டுகிறார்கள். ஷேர் ஜீப்பில் போனவர்களுக்குத் தெரியும். இறங்கும் இடம் வந்தால் அப்படித்தான் தட்டுவார்கள்.

அவர் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. ஓரம் கட்டினார். எஞ்சினை அணைக்கவில்லை. செல்போன் வெளிச்சத்தோடு பின்னால் போனார். பின்கதவின் கொக்கி வெளிப்பக்கம் மாட்டியது மாட்டியபடி இருந்தது. எடுத்துத் திறந்தார். வெறும் தகரத் தரை. ஒரு சாக்குப்பை கூட இல்லை. ஆனால் வாசம் இருந்தது... நனைந்த கம்பளியின் வாசம். சேற்றுத் தண்ணீர். அதற்கும் அடியில் லேசாக, ரத்தக் கவுச்சி.

கதவை மூடிக் கொக்கியை மாட்டினார். வீடு வந்து சேரும்வரை எதற்காகவும் வண்டியை நிறுத்தவில்லை. வழியெல்லாம் தட்டிக்கொண்டே வந்தார்கள்...

நம் கம்பெனி பஸ் ரிப்பேர் முடிய இன்னும் நேரமாகும் என்கிறார் டிரைவர். காற்று அடிக்கிறது, நெருங்கி உட்காருங்கள். அந்த போன் வெளிச்சத்தையும் அணைத்துவிடுங்கள், கண் கூசுகிறது. நவநீதன் யாரென்றால், நம் ஷிப்டில் வேலை செய்கிற முருகேஷின் அக்கா வீட்டுக்காரர். முருகேஷ் இன்றைக்கு லீவு. அவன் இருந்திருந்தால் இதைச் சொல்ல விட்டிருக்கமாட்டான். முதலிலிருந்தே சொல்கிறேன்.

நவநீதனுக்குச் சொந்த ஊர் கம்பைநல்லூர். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஒரே பைத்தியம் பழைய ஜீப். ஒன்றை வாங்கி, உயரத்தைத் தூக்கி, பெரிய டயர் போட்டு, கல்லிலும் ஆற்றிலும் ஏற்றி இறக்க வேண்டும். ராத்திரியில் படுத்துக்கொண்டு அந்த மாதிரி வீடியோக்களாகப் பார்ப்பார். அவர் மனைவி சுகுணா பக்கத்தில் படுத்துத் திட்டுவாள்.

ஒரு நாள் புரோக்கர் படம் அனுப்பினான். தீர்த்தமலையைத் தாண்டி, மலை அடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு வீட்டுக் கொட்டகையில் ஜீப் நிற்கிறது. டீசல் எஞ்சின், தகரக் கூண்டு, பின்னால் எதிரெதிராக இரண்டு நீள பெஞ்சு. மேலே மூங்கப்பாடி என்கிற மலைக்கிராமத்துக்கு ஆள் ஏற்றிப் போய்வந்த வண்டி. நவநீதன் தன் மெக்கானிக் அர்ச்சுனனைக் கூட்டிக்கொண்டு போனார். புது பேட்டரி மாட்டி, டீசல் ஊற்றி, அர்ச்சுனன் அரைநாள் போராடினார். கடைசியில் எஞ்சின் கரும்புகை கக்கிக்கொண்டு எழுந்துகொண்டது. சத்தம் சுத்தமாக இருந்தது.

விற்றது சென்னம்மாள். ஐம்பது, ஐம்பத்தைந்து வயது இருக்கும். உள் அறையில் கட்டிலில் ஒரு ஆள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். எஞ்சின் சத்தம் கேட்டதும் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார்.

"அவருதான் ஓட்டுனாருங்களா?" என்று கேட்டார் நவநீதன்.

"ஆமாங்க. வூட்டுக்காரரு, மாதேஸ்வரன். இப்ப ஒடம்பு முடியலீங்க."

அதற்கு மேல் அந்த அம்மாள் பேசவில்லை. சொன்ன விலைக்கு மறுபேச்சு இல்லை. வண்டி கிளம்புகிற நேரத்தில் மட்டும் ஒன்று செய்தாள். பின்கதவைத் திறந்து, இரண்டு பெஞ்சையும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாகப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தி, வெளியே கொக்கியை மாட்டி, தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"போலாங்க," என்றாள்.

ஷேர் ஜீப் வைத்திருந்தவர்களின் பழக்கம் என்று நவநீதன் நினைத்துக்கொண்டார். வண்டி தெரு முனை திரும்பியபோது கண்ணாடியில் பார்த்தார். அந்த அம்மாள் நடுத்தெருவில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

தருமபுரிக்கு வெளியே அர்ச்சுனனின் ஷெட். அங்கே இரண்டு மாதம் வேலை நடந்தது. முன்னால் இரும்பு பம்பர். அதில் வண்டியை இழுக்கிற வின்ச். முரட்டுப் பட்டன் டயர். பின்னால் இருந்த இரண்டு பெஞ்சையும் அறுத்து எடுத்தார்கள். கடைசியாக, பாரம் தாங்குகிற கமான்பட்டைகளை நான்கு சக்கரத்துக்கும் புதிதாகப் போட்டு வண்டியை உயர்த்தினார்கள். ஜாக்கியை இறக்கினார் அர்ச்சுனன். முன்பக்கம் கம்பீரமாக நின்றது. பின்பக்கம்... கிரீச்சென்று முனகிக்கொண்டு இறங்கி, பழைய உயரத்துக்கே போய் உட்கார்ந்தது.

பட்டை சரியில்லை என்று நினைத்து வேறு போட்டார். இறங்கியது. ஒரு பட்டை சேர்த்துப் போட்டார். இறங்கியது.

"சார், லாரிக்குப் போடற பட்ட இது. காலி வண்டி இப்பிடி ஒக்காரக் கூடாது," என்றார் அர்ச்சுனன். "எடை போட்டுப் பாத்துருங்க. சேஸ் உள்ள ஏதாச்சும் அடைச்சிருக்காங்களோ என்னவோ."

நவநீதன் பக்கத்தில் கிழங்கு லாரிகள் எடை போடுகிற எடைமேடையில் ஜீப்பை ஏற்றினார். இறங்கி, தள்ளி வந்து நின்றார். நல்ல வெயில். கேபினுக்குள் இருந்தவர் தலையைத் தூக்காமல் ஒலிபெருக்கியில் சொன்னார்.

"டிரைவர் எறங்குனா போதுமா சார்? பின்னாடி ஒக்காந்திருக்கறவங்களையும் எறங்கச் சொல்லுங்க."

நவநீதன் கேபினுக்குப் போனார். "பின்னாடி யாருமில்லீங்களே."

அந்த ஆள் அப்போதுதான் நிமிர்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நவநீதனைப் பார்க்காமலே சொன்னார். "வண்டிய எடுத்துருங்க. காசு வேணாம்."

அன்றைக்கு மத்தியானம் அர்ச்சுனன் ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்து நட்டு முடுக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சொட்டு விழுந்தது. ஆயில் என்று நினைத்துத் துடைத்தார். தண்ணீர். செம்மண் கலந்த தண்ணீர். இன்னொரு சொட்டு... தலைக்கு நேர் மேலே, ஜீப்பின் தரையில், யாரோ காலை மாற்றி வைத்து உட்காருகிற சத்தம். அவர் ஊர்ந்து வெளியே வந்தார். உள்ளே தரை காய்ந்து கிடந்தது.

"வேல முடிஞ்சுது சார், எடுத்துக்கிட்டுப் போயிருங்க," என்று அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிட்டார். எதனால் என்று சொல்லவில்லை. பிறகுதான் சொன்னார்.

பின்பக்கம் தாழ்ந்து கிடந்ததால் முகப்பு விளக்கு ரோட்டில் விழாது. புளியமரத்துக் கிளைகளில்தான் விழும். ரோடு இருட்டு, மேலே இலைகள் மட்டும் வெள்ளையாகத் தெரியும். அப்படி வந்த ஒரு மாலையில்தான், நான் முதலில் சொன்னேனே, அந்தத் தட்டு. நவநீதன் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆசைப்பட்டு வாங்கிய வண்டி... எப்படிச் சொல்வார்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுகுணாவை ஏற்றிக்கொண்டு ஒகேனக்கல் போனார். மீன் வறுவல் சாப்பிட்டார்கள். பரிசலில் சுற்றினார்கள். திரும்புகிறபோது வெயில் சாயவில்லை. பென்னாகரம் மலைப்பாதையில் ஏறுகிறார்கள். சுகுணா பேசிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். ரேடியோவை அணைத்தாள். கொஞ்ச தூரம் அப்படியே வந்தார்கள்.

"என்னாங்க... பின்னாடி யாரோ முக்கறாங்க."

"எஞ்சின் சத்தம்."

"எஞ்சின் இல்லீங்க. வலி எடுத்து முக்கற சத்தம். ரெண்டு பெத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

அவள் திரும்பவில்லை. நேரே ரோட்டைப் பார்த்தபடி, இரண்டு கையையும் மடியில் இறுக்கிக் கோத்துக்கொண்டிருந்தாள். நவநீதனுக்கும் இப்போது கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு... அடித்தொண்டையில்... பிறகு நீளமாக ஒரு மூச்சு. பிறகு ஒன்றுமில்லை. அடுத்த வளைவில் மறுபடி.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார். எடைமேடை, தட்டு, எல்லாம். சுகுணா அழவில்லை, திட்டவும் இல்லை.

"வண்டி குடுத்த அம்மா வூட்டுக்குப் போவோம். நானும் வரேன்," என்றாள்.

இரண்டு நாள் கழித்து லீவு போட்டுவிட்டு இருவரும் அந்த ஜீப்பிலேயே போனார்கள். சென்னம்மாள் வீடு பூட்டிக் கிடந்தது. எதிரே ஒரு பெட்டிக்கடை. கடைக்காரப் பெண் பெயர் ராமக்காள். ஜீப்பைப் பார்த்ததும் எழுந்து கடைக்குள் ஒரு அடி பின்னால் போனாள்.

"ஒரு வாரமா பூட்டித்தான் கெடக்குது. சேலத்துல மக வூட்டுக்குப் போயிருப்பாங்க," என்றாள். "நீங்கதான் இத வாங்குனவங்களா? ஒங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலியா அந்தம்மா?"

சுகுணா கடைப்பலகையில் உட்கார்ந்தாள். "நீங்க சொல்லுங்கக்கா."

ராமக்காள் சொன்னது இதுதான். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலம். மூங்கப்பாடியில் எழிலரசி என்கிற பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தது. மாமியார் தீர்த்தம்மாளும் புருஷன் தமிழ்ச்செல்வனும் அவளை மாதேஸ்வரன் ஜீப்பில் ஏற்றினார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாதி மலையில் ஒரு காட்டாறு குறுக்கே ஓடும். அன்றைக்கு அதில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் இருந்தவர்கள் தட்டினார்கள். நிறுத்து, இறங்கிக்கொள்கிறோம், தண்ணீர் வடிந்ததும் போகலாம் என்று கத்தினார்கள். மாதேஸ்வரன் குடித்திருந்தார். நான் பார்க்காத தண்ணீரா என்று ஜீப்பை ஆற்றுக்குள் விட்டார்.

நடு ஆற்றில் ஜீப் ஒரு பாறையில் முட்டிச் சாய்ந்து நின்றது. மாதேஸ்வரன் முன்கதவு வழியாகக் குதித்துக் கரை ஏறிவிட்டார். பின்கதவுக்குக் கொக்கி வெளியே. மேடுபள்ளத்தில் கதவு திறந்துகொள்கிறதென்று அவரே மாட்டியது. உள்ளே இருந்து திறக்க முடியாது.

"போயி எடுத்து வுட்டிருக்கலாங்க. தண்ணி அப்ப இடுப்பளவுதான். பயந்துட்டாரு," என்றாள் ராமக்காள். "தட்டிக்கிட்டே இருந்தாங்களாம். இவரு கரையில நின்னு கேட்டுக்கிட்டே இருந்தாராம். தண்ணி மேல ஏற ஏற சத்தம் கொறஞ்சுக்கிட்டே வந்துச்சாம். போதையில ஒரு நாளு அவரு வாயாலயே சொன்னாரு, இந்தக் கடை வாசல்ல ஒக்காந்து."

மறுநாள் டிராக்டர் கட்டி ஜீப்பை இழுத்தார்கள். மூன்று பேரும் உள்ளேயே இருந்தார்கள். விபத்து என்று கேஸ் முடிந்தது. அதற்குப் பிறகு மாதேஸ்வரன் அந்த ஜீப்பைத் தொடவில்லை. ராத்திரியில் தூக்கமும் இல்லை. கொட்டகையிலிருந்து தட்டுகிறார்கள், தட்டுகிறார்கள் என்று எழுந்து உட்கார்ந்துகொள்வார். ஜீப்பை விற்று அனுப்பிய அன்றைக்குத்தான் நாலு வருஷத்தில் முதல் தடவையாக விடியவிடியத் தூங்கினாராம்.

கேட்டுவிட்டு இருவரும் வெளியே வந்தார்கள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஜீப் பின்பக்கம் தாழ்ந்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"இங்கயே வுட்டுட்டு பஸ்சுல போயிரலாம் சுகுணா," என்றார் நவநீதன். "அவங்க வண்டி. அவங்க பாவம்."

சுகுணா ஜீப்பின் பின்கதவைப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரிக்குன்னு ஏறுன புள்ளைங்க. இன்னும் போய்ச் சேரல," என்றாள். "யாரு வண்டியா இருந்தா என்னா? இப்ப நம்ம கையில இருக்குது. கொண்டுபோயி எறக்கி வுட்டுருவோம்."

அவளே பின்னால் போனாள். கொக்கியை எடுத்துக் கதவைத் திறந்தாள். உள்ளே பார்த்து, சொந்தக்காரப் பெண்ணிடம் சொல்வதைப் போல மெதுவாகச் சொன்னாள். "பொறுத்துக்கம்மா. போயிரலாம்." கதவைச் சாத்தினாள். கொக்கியை மாட்டவில்லை. ஒரு கயிற்றால் லேசாகக் கட்டினாள், உள்ளே இருந்து கையை விட்டால் அவிழ்க்கிற மாதிரி.

அரூர் வரும்போது இருட்டிவிட்டது. தட்டுச் சத்தம் வழியில் எங்கேயும் இல்லை. அந்த முக்கல் மட்டும் கேட்டது. முதலில் ஊருக்கு ஒரு தடவை. பிறகு மைல்கல்லுக்கு ஒரு தடவை. சுகுணா காதைக் கொடுத்துக்கொண்டே வந்தாள்.

"வலி நெருங்கி வருதுங்க. கொஞ்சம் வெரசாப் போங்க."

நவநீதன் மிதித்தார். விளக்கு வெளிச்சம் மரங்களின் மேல் ஓடியது. வியர்வையில் ஸ்டியரிங் வழுக்கியது. அந்த நேரத்தில் பயம்கூடத் தெரியவில்லை என்று பிறகு சொன்னார். ஒரு புள்ளத்தாச்சியை ஏற்றிக்கொண்டு போகிறவனின் அவசரம் மட்டும்தான் இருந்ததாம்.

டவுனில் பெரிய ஆஸ்பத்திரி வாசல். அவசரச் சிகிச்சைப் பக்கம் ஓரமாக நிறுத்தினார். இருவரும் இறங்கிப் பின்னால் போய்க் கயிற்றை அவிழ்த்துக் கதவை அகலமாகத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு ஆட்டோ வந்து போனது. பிறகு...

கமான்பட்டை கிரீச்சென்றது. ஜீப்பின் பின்பக்கம் ஒரு விரல்கடை மேலே எழும்பியது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை. மூன்றாவதுக்கு நேரமாயிற்று. கதவு மெல்ல ஆடியது, யாரோ அதைப் பிடித்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துக் காலை வைக்கிற மாதிரி. பிறகு பின்பக்கம் முழுசாக எழும்பி, அர்ச்சுனன் வைத்த உயரத்துக்கு வந்து நின்றது. சுகுணா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள்.

அவர்கள் கிளம்புவதற்குள் உள்ளே இருந்து ஒரு ஊழியர் வந்தார். பெயர் மாது. தள்ளுவண்டி வைத்திருந்தார்.

"இந்த ஜீப்புல வந்தவங்களா சார் அவங்க? ஒரு புள்ளத்தாச்சி, ஒரு வயசான அம்மா, ஒரு ஆளு? மூணு பேரும் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்காங்க?"

சுகுணாதான் தலையாட்டினாள்.

"நீங்களாச்சும் வந்து சொல்லுங்கக்கா. பிரசவ வார்டு கீழதான், தள்ளுவண்டியில ஒக்காருங்கன்னு சொல்றேன், காதுல வாங்க மாட்டேங்கறாங்க. அந்தப் பொண்ணு வயித்தப் புடிச்சிக்கிட்டு மாடிப்படி ஏறுது. மேல ஆம்பளைங்க வார்டு தவிர ஒண்ணும் இல்லக்கா."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் உள்ளே போகவில்லை. போக யாருக்குத் தைரியம் வரும்? வந்து சேர்ந்துவிட்டார்கள், இனி அவர்கள் பாடு என்று ஜீப்பை எடுத்தார்கள். விளக்கு வெளிச்சம் முதல் தடவையாக ரோட்டில் விழுந்தது. ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. வண்டி பூ மாதிரி போனதாம்.

நாலைந்து நாள் கழித்து நவநீதனுக்கு ஒரு போன். சென்னம்மாள்.

"தம்பி... வண்டி இப்ப பின்னாடி தூக்கிக்கிச்சுங்களா?"

"ஆமாங்க. உங்களுக்கு எப்பிடிங்க..."

"அவரு போயிட்டாருங்க."

நவநீதனும் சுகுணாவும் மறுநாளே துக்கம் கேட்கப் போனார்கள். சென்னம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணில் நீர் இல்லை. இருவரையும் பாயில் உட்காரச் சொன்னாள். மகள் வீட்டுக்கெல்லாம் போகவில்லை. மாதேஸ்வரனுக்குக் காய்ச்சல் கண்டு, ஊரில் யாருக்கும் சொல்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாள். அதே பெரிய ஆஸ்பத்திரி. மேல்மாடியில், ஆண்கள் வார்டு. காய்ச்சல் இறங்கிவிட்டது, மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றைக்குத்தான் நவநீதன் கொண்டுபோய் அவர்களை இறக்கிவிட்டது.

நவநீதன் கையெடுத்துக் கும்பிட்டார். "எங்களுக்குத் தெரியாதுங்கம்மா. சத்தியமாத் தெரியாது," என்றார்.

"தெரியும் தம்பி. ஒங்கமேல ஒண்ணும் இல்ல. ஒங்க தலையில ஏத்தி அனுப்புனவளே நாந்தான."

சுகுணா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "நீங்க அப்ப பக்கத்துலயா இருந்தீங்க?"

"கட்டிலுக்குப் பக்கத்துல ஸ்டூல்ல ஒக்காந்து கால அமுக்கிக்கிட்டு இருந்தேன் கண்ணு. லைட்டெல்லாம் எரிஞ்சுது. மத்த கட்டில்ல ஆளுங்க பேசிக்கிட்டு இருந்தாங்க. ஈரக் கம்பளி வாசம் வந்துச்சு. இவரு கண்ணத் தொறந்து வாசல் பக்கம் பாத்தாரு. எம்மணிக்கட்ட இறுக்கிப் புடிச்சிக்கிட்டாரு. 'போயிராத சென்னா, எந்திரிக்காத'ன்னாரு."

அவள் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள்.

"நாலு வருசம் அவருக்கும் அதுங்களுக்கும் நடுவுல ஒக்காந்திருந்தவ நானு. மூணு பேரும் வந்து எம்முன்னாடி நின்னாங்க. ஒண்ணுமே கேக்கல. நான் அவரு கைய எடுத்து வுட்டுட்டு எந்திரிச்சேன். ஸ்டூல அந்தப் பொண்ணு பக்கம் தள்ளிப் போட்டேன்."

சென்னம்மாள் நிமிர்ந்து சுகுணாவின் முகத்தைப் பார்த்தாள்.

"நெறமாசக்காரி கண்ணு. எவ்வளவு நேரந்தான் நிக்கும்?"